ரசிக்கக் கூடாது என்று பார்த்த சுவீடன் படம்

“ஞாயிற்றுக்கிழமைகளும் தவக்காலத்தில் சேரும். யாருக்கும் விலக்கு இல்லை. திருநீற்றுப் புதன், மாலை 7.40.”

கீழே என் கையொப்பம். மாதா கோயில் நாட்காட்டியின் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நீல மையால் எழுதியது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதை என் மனைவியின் தம்பிக்கு எழுதிக் கொடுத்தேன். கொடுத்தவன் மறந்துவிட்டேன். வாங்கியவர் மறக்கவில்லை. அதை லேமினேட் செய்து பணப்பையில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இது எனக்குத் தெரிய வந்தது இந்த ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மதியச் சாப்பாட்டு மேசையில்.

எங்கள் வீட்டில் தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒன்றை விடுவது வழக்கம். திருநீற்றுப் புதனன்று மாலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், நெற்றியில் சாம்பலோடு, யார் எதை விடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது. மனைவி இனிப்பை விடுவாள். மச்சான் பியரை விடுவார். நான் சினிமாவை விடுவேன்.

சினிமாவை விடுவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அரசாங்க மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி அடுக்கி, எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று நினைக்கும் புத்தி வந்துவிட்டது. பார்த்த படங்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, இடம், உடன் யார், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையில் தூங்கிய நிமிடங்கள் என்று கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு தவக்காலத்துக்கும் அதில் ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டு, குறுக்கே ஒரு கோடு போடுவேன். இதுவரை முப்பத்தொரு கோடு. ஒன்றுகூட உடையவில்லை. என் வாழ்க்கையில் உடையாமல் இருக்கும் பொருள்கள் அதிகம் இல்லை என்பதால், அந்தக் கோடுகள் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்த ஆண்டு அதற்கு ஆபத்து வந்தது சுவீடனிலிருந்து.

பல ஆண்டுகளுக்கு முன் ஜொகூர் பாருவில் பழைய புத்தகக் கடை ஒன்றில் உலக சினிமா பற்றிய தடித்த புத்தகம் வாங்கினேன். அதில் பேசாப் படக் காலத்து சுவீடன் படம் ஒன்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கூடவே ஒரு புகைப்படம். உறைந்த ஏரி. ஒரு மனிதன் பனியில் குப்புறப் படுத்திருக்கிறான். தோளில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சறுக்குக் கட்டை, அதன் மேல் ஒரு சவப்பெட்டி. “இருண்ட படம், மேடு பள்ளமான படம், ஆனால் இந்தக் காட்சிக்காகப் பார்க்கலாம்” என்கிற அளவில் அந்தப் புத்தகம் முடித்துக்கொண்டது. அந்த ஆள் ஏன் படுத்திருக்கிறான் என்று அது சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் பல வருடம் கிடந்தது. படம் எந்த ஆண்டு வந்தது என்பதிலும் என்னிடமுள்ள இரண்டு புத்தகங்கள் ஒத்துப் போகவில்லை. இரண்டு ஆண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தேன்.

இந்தத் தவக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள், வெளிநாட்டுத் திரைப்படக் காப்பகம் ஒன்று அந்தப் படத்தைத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது என்று தெரிந்தது. சில வாரங்களுக்கு மட்டும். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாளோடு எடுத்துவிடுவார்கள். அவர்கள் லுத்தரன் சபைக்காரர்கள், எங்கள் வீட்டு நாட்காட்டியைக் கேட்டுக்கொண்டா போடுவார்கள்?

மூன்றாம் ஞாயிறு வரை பொறுத்தேன். அன்று மேசையில் மீன் குழம்பு. மச்சான் ஜொகூர் பாருவில் இருக்கிறார். வாரம் முழுக்கப் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஞாயிறானால் செடெனாக் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, பூசைக்கு எங்களோடு போய், சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாதவன் போல ஆரம்பித்தேன்.

“திருநீற்றுப் புதன்லேர்ந்து பெரிய சனி வரைக்கும் எண்ணினா நாப்பத்தாறு நாள் வருது. தவக்காலம் நாப்பது நாள். அப்போ ஆறு ஞாயிறும் கணக்குல சேராதுன்னு ஆகுது. திருச்சபையோட பழைய முறை அது.”

மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “என்ன படம்?”

முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்தவள். முன்னுரையைக் கேட்டே முடிவுரையைச் சொல்லிவிடுவாள்.

நான் பதில் சொல்லுமுன் மச்சான் இடது கையால் பணப்பையை எடுத்தார். அவசரமே இல்லை. ஓட்டுநர் உரிமத்தை உருவினார். அதன் பின்னாலிருந்து அந்தத் தாளை உருவி, மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், எனக்கு நேராக வைத்தார்.

“இது யாரு எழுத்து, அத்தான்?”

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வாதத்தை, இதே நாற்பத்தாறு நாள் கணக்கோடு, அவர்தான் சொன்னார். ஞாயிறுதோறும் ஒரு பியர் குடித்துக்கொள்ள அனுமதி கேட்டார். அவர் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் பியர் இருந்தது என் குளிர்ப்பெட்டியில். மாமனார் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது மாப்பிள்ளை இல்லை என்றாலும் நல்ல மாப்பிள்ளை என்ற பெயர் அப்போது இருந்தது. அதனால் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“நூத்தி முப்பத்திரண்டு ஞாயிறு, அத்தான். இந்த வருஷம் தனி. ஒரு சொட்டு தொட்டதில்லை. இப்போ உங்களுக்குப் படம் வேணும்னதும் திருச்சபை முறை மாறிடுச்சா?”

“டேய், சாப்பிடு” என்றாள் அக்கா. ஆனால் தம்பியை அடக்கும் குரல் அல்ல அது.

ஞாயிறு வழி அடைபட்டதும் வேறு வழி தேடினேன். இது சினிமாவே இல்லை என்றேன். பாட்டு இல்லை. பேச்சு இல்லை. கலர் இல்லை. முதல் அரை மணி நேரத்தில் ஒரு பெண் சாகிறாள், மீதி நேரம் முழுக்க ஒருவன் அதற்காக வருந்துகிறான். சிலுவைப்பாதைக்குப் போவது போலத்தான் இதுவும் என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

மனைவி கொஞ்சம் யோசித்தாள். “நீங்க விட்டது சினிமாவையா, சினிமா பாக்கற சந்தோஷத்தையா?”

“சந்தோஷத்தைத்தான்.” வேகமாகச் சொல்லிவிட்டேன்.

“அப்போ சந்தோஷப்படாம பாருங்க. ரசிச்சீங்கன்னா தவம் உடைஞ்சது. ரசிக்கலைன்னா கோடு போட்டுக்கங்க.”

“ரசிச்சேனா இல்லையான்னு யாரு சொல்றது?”

“நான் மொகத்தைப் பாக்கறேன்” என்றார் மச்சான். “படத்தைப் பாக்க மாட்டேன். அத்தான் மொகத்தை மட்டும்.”

தோற்றால் என்ன என்பதையும் அவரே சொன்னார். பெரிய வியாழனன்று ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். எங்கள் பங்குக் கோயிலில் ஆள் சேர்க்கும் பொறுப்பு மச்சானுடையது. பதினொரு பேர் கிடைத்துவிடுவார்கள். பன்னிரண்டாவது ஆளுக்கு ஒவ்வொரு வருடமும் அவர் என்னிடம் வருவார். நான் ஒவ்வொரு வருடமும் முதுகுவலி என்பேன். உண்மைக் காரணம் முதுகு இல்லை. பதிவேட்டு அறையில் ஒரு இரும்பு இழுப்பறை என் வலது கால் பெருவிரலில் விழுந்ததிலிருந்து அந்த நகம் கறுத்து, தடித்து, ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது. பூசைக்கு நான் எப்போதும் ஷூ போட்டுத்தான் போவேன். இது மச்சானுக்குத் தெரியும்.

ஆக ஒரு பக்கம் முப்பத்திரண்டாவது கோடு. மறுபக்கம் ஊர் பார்க்க அந்த நகம். ஒத்துக்கொண்டேன்.

நான்காம் ஞாயிறு குறிக்கப்பட்டது. தவக்காலத்தின் நடுவில் திருச்சபையே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும் ஞாயிறு அது. ஃபாதர் ஊதாவுக்குப் பதிலாக ரோஸ் நிற உடை போடுவார். பூசை தொடக்கத்திலேயே மகிழச் சொல்வார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் இதைச் சுட்டிக்காட்டினேன்.

“ஃபாதர் ரோஸ் போட்டா அது ஃபாதருக்கு” என்றாள் மனைவி.

மாலை 3.40. தொலைக்காட்சியைக் கணினியோடு இணைத்தேன். அடுத்தடுத்த இரண்டு ஒற்றைச் சோபாக்களில் ஒன்றில் நான், மற்றதில் மனைவி, நடுவில் ஒரு சின்ன மேசை. மேசை மேல் ஒரு தட்டில் ஆறு ஒண்டே-ஒண்டே. வரும் வழியில் குலாயில் மச்சான் வாங்கி வந்தது. பச்சை உருண்டை, மேலே தேங்காய்ப்பூ, கடித்தால் உள்ளேயிருந்து வெல்லப்பாகு பீறிடும். எட்டு வாங்கினார், படம் தொடங்குமுன் இரண்டைச் சாப்பிட்டார், மீதி ஆறை, இனிப்பை விட்ட அக்காவுக்கும் சர்க்கரை வியாதிக்கார அத்தானுக்கும் நடுவில் வைத்தார். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இது போதும். பிறகு சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

படம் தொடங்கியது. பியானோகூட இல்லை. முழு அமைதி. அதாவது சுவீடன் பக்கம் அமைதி. எங்கள் பக்கத்து வீட்டில் ஞாயிறு மாலை என்றால் கரோக்கே. அந்த வீட்டுச் சீனப் பெரியவர் ஹொக்கியன் காதல் பாட்டுகளை மைக்கில் பாடுவார். தாமான் குடியிருப்பின் வரிசை வீடு, இடையில் ஒரே சுவர். ஆக சுவீடன் துயரத்துக்கு எங்களுக்குக் கிடைத்த பின்னணி இசை அதுதான்.

கதை இது. ஏரிக்கரையில் ஒரு படகோட்டி. அக்கரையில்தான் மருத்துவர், தேவாலயம், கல்லறை எல்லாம். குளிர்காலம் தொடங்கும் நேரம், காற்றடிக்கும் ஒரு நாளில் ஒரு குடியானவன் ஓடி வருகிறான். மனைவிக்கு உடம்பு முடியவில்லை, மருத்துவரைக் கூட்டி வர வேண்டும் என்று கெஞ்சுகிறான். இருவருக்கும் ஏதோ பழைய பகை. படகோட்டி மறுத்துவிடுகிறான். அவள் இறந்துவிடுகிறாள்.

இந்த அரை மணி நேரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், என் தவத்துக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. எல்லாம் ஒரே அறையில் நடந்தது. கேமரா வாசற்படியில் நிற்கும் விருந்தாளி போல ஒரே இடத்தில் நின்றது. ஆள் வருவார், தொப்பியைக் கழற்றுவார், கையை நெஞ்சில் வைப்பார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போவார். அடுத்தவர் வந்து தொப்பியைக் கழற்றுவார். வீட்டுக்குள் நடக்கும் காட்சியில் மேசை விரிப்பு காற்றில் படபடத்தது. கூரை இல்லாத செட்டில் வெயிலில் எடுத்திருக்கிறார்கள். குடியானவனாக நடித்தவர் துக்கத்தை முழுக்கப் புருவத்தால் செய்தார். ஒரு கட்டத்தில் இரண்டு புருவமும் போகவேண்டிய உயரத்துக்குப் போய்விட்டன, ஆனால் காட்சி இன்னும் பாதி இருந்தது. பாவம், அதற்கு மேல் என்ன செய்வார்?

திரையில் இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகளை மனைவி தமிழில் படித்துச் சொன்னாள். மச்சான் திரும்பிப் பார்க்காமலேயே அதற்குக் குரல் கொடுத்தார்.

“படகை எடுங்கன்னு கெஞ்சறான்” என்றாள் அவள்.

“இன்னைக்கு லீவுலா. நாளைக்கு வா.”

“மனைவி சாகக் கெடக்கறாளாம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பாஸ்போர்ட் எங்க? வரிசையில வந்தியா? அந்த மோட்டார் லைன்ல போ.”

தினமும் பாலத்தில் இரண்டு முறை நிற்கும் மனிதனின் வேகம் அதில் இருந்தது. படகோட்டியின் மீசையும் கையை ஆட்டும் விதமும் சோதனைச் சாவடி அதிகாரிக்கு அப்படியே பொருந்தியது வேறு. நான் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன். தோள் மட்டும் குலுங்கிவிட்டது.

“சிரிச்சுட்டார்! அக்கா, சிரிச்சுட்டார்!”

“அது உன் பேச்சுக்குச் சிரிச்சது. படத்துக்கு இல்லை. சேராது.”

“அலமாக், ரெஃப்ரீ வீட்டு ஆளு.”

“நீ வாயை மூடினா அவரு பாட்டுக்கு வெறுத்துக்கிட்டு இருப்பாரு. விடு.”

நான் வெறுத்துக்கொண்டுதான் இருந்தேன். 4.15க்கு நோட்டின் பின்னட்டையில், “முகம் மரக்கட்டை. நிலைமை நன்று” என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் பார்க்கிறவனுக்கு இந்த மாதிரிப் படம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை எழுதிக் காட்டுவது கடினம். ஒரு கதவு திறப்பதற்குள் நம் வீட்டில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மனைவி அதைச் செய்தாள். திரும்பி வந்து, “இன்னும் கதவுகிட்டதான் நிக்கறானா?” என்று கேட்டாள். நின்றான்.

4.31.

அந்த நேரம் நோட்டில் அப்போது எழுதப்படவில்லை. பிறகு கணக்குப் போட்டு எழுதியது. ஏன் அப்போது எழுதவில்லை என்பதுதான் இந்தக் கதை.

குளிர்காலம். இறந்தவளை அக்கரைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏரி உறைந்திருக்கிறது, ஆனால் முழுக்க உறையவில்லை. படகு போகாது. ஆள் நடந்தால் உடையும். ஊர் முழுக்கக் கரையில் நிற்கிறது. படகோட்டி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வருகிறான். கயிற்றைத் தோளில் மாட்டுகிறான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தப் புகைப்படத்தில் அவன் ஏன் குப்புறப் படுத்திருக்கிறான் என்று. நின்றால் பனி தாங்காது. உடம்பு முழுவதையும் பரப்பினால்தான் தாங்கும். பகைவனின் மனைவியை அவன் வயிற்றால் ஊர்ந்து இழுத்துக்கொண்டு போகிறான்.

கேமரா இப்போது அறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதே படம் எடுத்த அதே ஆட்கள்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு எல்லாம் மாறிவிட்டது. புருவம் இல்லை. தொப்பி இல்லை. ஒரு பெரிய வெள்ளை, அதில் ஒரு கறுப்புப் புழு, அதன் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி. முழங்கையை ஊன்றுகிறான், நிற்கிறான், காது வைத்துக் கேட்கிறான். படத்தில் சத்தம் இல்லை. அவன் கேட்பது நமக்குக் கேட்காது. ஆனால் நானும் கேட்க முயன்றேன். பனியில் ஒரு கோடு விழுகிறது, அது மெதுவாக அவன் கையை நோக்கி வருகிறது. அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் எடை மாறிவிடும். கோடு விரல் பக்கத்தில் வந்து நின்றது. மறுபடி முழங்கை.

அவன் அக்கரை சேர்ந்து எழுந்து நின்றபோது முதலில் எனக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டில் பாட்டு நின்றிருக்கிறது என்பது. அது எப்போது நின்றது என்று தெரியாது. வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில் எரிந்துகொண்டிருக்க, என் முன்கையில் மயிர் நின்றிருந்தது.

பிறகு படம் திரும்பவும் அறைக்குள் போய்விட்டது. பாதிரியார் வந்து தொப்பியைக் கழற்றினார். படகோட்டி இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டி அழுதான். ஒரு பகுதி தொலைந்துபோனது என்று ஓர் அட்டை வந்து சொன்னது. குடியானவன் கடைசியில் படகோட்டியை மன்னித்தானா என்பது அந்தத் தொலைந்த பகுதிக்குள் இருந்திருக்க வேண்டும். 5.02க்குப் படம் முடிந்தது.

மனைவிதான் ஆசிரியைக் குரலை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“சாட்சி சொல்லு. ரசிச்சாரா?”

மச்சான் தொண்டையைச் செருமினார். “முதல்ல எல்லாம் சரி. மரக்கட்டை. கடைசியிலயும் மரக்கட்டை.”

“நடுவுல? அந்த ஐஸ் இடம்?”

அப்போதுதான் கவனித்தேன், மச்சானுடைய நாற்காலி தொலைக்காட்சியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“அத்தான் கண்ணு ஒரு மாதிரி ஆச்சு, அக்கா. என்னதான் இருக்குன்னு கொஞ்சம் திரும்பினேன். அப்புறம் திரும்பி வரலை.”

“நீ வாங்கின சம்பளத்துக்கு வேலை செஞ்ச மாதிரிதான்.”

“நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே? நீ சொல்லு.”

அவள் கஃப்தானின் மடிப்பைச் சரி செய்தாள். “நான் எழுத்து படிக்கணுமில்ல.”

“அந்த இடத்துல எழுத்தே இல்லையே!”

எனக்கு உள்ளுக்குள் வெளிச்சம் வந்தது. சாட்சி இல்லை. நடுவரும் பார்க்கவில்லை. முகத்தில் என்ன நடந்திருந்தாலும் அதற்குப் பதிவு இல்லை. நோட்டை எடுத்தேன். காலிப் பக்கத்தைத் திருப்பினேன். அடிக்கோலைத் தேடினேன்.

“ஏய்” என்றார் மச்சான். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறு இருந்துச்சு.”

நான்கு இருந்தன.

“நீதான் தின்னிருப்பே” என்றாள் அக்கா.

“நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். கை எட்டாது. தட்டு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மேசையின் விளிம்பில், சரியாக நடுவில், தேங்காய்ப்பூ கொஞ்சம் சிந்தியிருந்தது. அவள் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. இனிப்பை விட்டவள் அவள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவன் நான். யார் எடுத்திருந்தாலும் நல்லதில்லை. எனக்கு அவள் மேல்தான் சந்தேகம். அதைக் கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன்.

“சில பேரு விட்டது என்னன்னு அவங்களுக்கே மறந்து போச்சு போல.”

“அப்படியா?” என்றாள் அவள், மிகவும் சாந்தமாக. அந்தச் சாந்தத்தை நான் கவனித்திருக்க வேண்டும். “நான் எடுத்ததைப் பாத்தீங்களா?”

“பாக்கலை.”

“ஒரு கை தூரத்துல உக்காந்திருக்கீங்க. தட்டு உங்க முழங்கைகிட்ட. ஒண்ணு இல்லை, ரெண்டு போயிருக்கு. வாயில போட்டா சத்தம் வேற வரும். ஒண்ணுமே தெரியலையா?”

“தெரியலை.”

“ஏன் தெரியலை?”

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அத்தான்! மாட்டிக்கிட்டீங்க அத்தான்!”

இப்போதும்கூட நான் சாதித்திருக்கலாம். தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நோட்டில் அதற்குக் கட்டமே இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் பொய் எண்ணை எழுத வேண்டும். முப்பத்தொரு கோடுகளும் உண்மை என்பதுதான் அவற்றின் ஒரே மதிப்பு. முப்பத்திரண்டாவது பொய்யானால் மற்ற முப்பத்தொன்றையும் யார் நம்புவார்? முதலில் நானே நம்ப மாட்டேன். தவிர, அந்தப் படகோட்டி வயிற்றால் ஊர்ந்து வந்த ஏரியை நான் தூங்கிக்கொண்டு கடந்தேன் என்று எழுத மனம் வரவில்லை.

அடிக்கோலை வைத்துவிட்டு எழுதினேன்: “தவக்காலம் நான்காம் ஞாயிறு. 3.40 – 5.02. வீடு. உடன்: மனைவி, மச்சான். தூக்கம்: இல்லை. 4.31 முதல் 4.35 வரை, ஏறத்தாழ, ரசித்தேன். மீதி நேரம் ரசிக்கவில்லை.”

மச்சான் என் தோள் மேலாக எட்டிப் படித்தார். “நாலு நிமிஷம்தானா? கம்மியா போட்டிருக்கீங்க.”

“கணினியில ஓட்டிப் பாத்து நேரம் எடுத்தேன். சரியா இருக்கு.”

“ரெண்டாவது தடவை ஓட்டினதும் சேருமா, அக்கா?”

சேரும் என்றாள். அது தனி வரியாக எழுதப்பட்டது.

பெரிய வியாழனன்று பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். முன் வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பூசையில் யாரும் அவ்வளவு பக்தியோடு இருந்து நான் பார்த்ததில்லை. ஃபாதர் முழங்காலிட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த நகத்தைப் பார்த்து, ஒரு கணம் நிறுத்தி, தலையை உயர்த்தாமலே, “இதுக்கு ஒரு டாக்டரைப் பாருங்க” என்றார். மைக் அவர் கழுத்தில் இருந்தது. தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருந்தது. எனக்கு அந்த ஏரி ஞாபகம் வந்தது. அதையும் ரசித்தேன் என்று சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் எழுதாமல் விட்டேன்.

பாஸ்கா முடிந்ததும் ஒரு நியாயம் செய்ய நினைத்தேன். புதுத் தாள் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகள் தவக்காலத்தில் சேராது, அடுத்த ஆண்டு முதல் அமல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மச்சானிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வேணாம், அத்தான். இப்போ மாத்தினா என் நூத்தி முப்பத்தெட்டும் வெறும் தாகமாப் போயிடும்.”

மனைவியிடமும் கேட்டேன். தண்டனையையும் அனுபவித்தாகிவிட்டது, நோட்டில் அந்தப் பக்கம் முழுமையாக இருக்கட்டும் என்பதற்காக, அந்த இரண்டு ஒண்டே-ஒண்டே யாருடையது என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

“ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டியதை உங்க நோட்டுல சொல்ல மாட்டேன்” என்றாள்.

இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் வகுப்பறைக்காரி. குற்றம் செய்யாதபோதும் இப்படித்தான் பேசுவாள். மச்சானின் கை எட்டாது என்பது அவர் சொன்னது மட்டுமே. நாற்காலி எப்போது திரும்பியது, எவ்வளவு நகர்ந்தது என்பதற்குப் பதிவு இல்லை. அன்றிரவு என் சர்க்கரை அளவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பதையும் நேர்மைக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். மதியம் பாயசம் குடித்தேன், அதனாலும் இருக்கலாம். வாயில் வெல்லத்தின் சுவை இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் பனியைத் தவிர வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

ஆகவே நோட்டில் அந்த வரி இப்படியே இருக்கிறது: “ஒண்டே-ஒண்டே, இரண்டு. 4.31க்கும் 4.35க்கும் இடையில். எடுத்தவர்: சரிபார்க்கப்படவில்லை.” பென்சிலில்.